அவர் பாட்டுக்கு இருக்கும் மாமனார்

கேள்வி: எனக்கு வயது 43. வணிகவியலில் பட்டம் பெற்று, 17 ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மறதிநோய் கண்ட என் மாமியாரை ஆறு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். சென்ற ஆண்டு அவர் காலமானார். அதன்பிறகு முதுமையைப் பற்றி முறையாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. முதுமையியல் முதுநிலைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். வணிகவியல் படித்தவளைச் சேர்த்துக்கொள்வார்களா? கல்லூரி ஆசிரியர்களுக்கு என் முகம்கூட நினைவிருக்காது. பரிந்துரைக் கடிதத்துக்கு யாரிடம் போவது? இந்த வயதில் விண்ணப்பித்தால் சிரிக்க மாட்டார்களா? ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித்தரும் நோக்க அறிக்கையின் முதல் படியை இணைத்திருக்கிறேன். மழுப்பாமல் கருத்துச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மழுப்ப வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் அறிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். முதல் பத்தியை அடித்துவிடுங்கள். "உலகில் 60 வயதைக் கடந்தவர்கள் 2020-இல் 100 கோடி, 2050-இல் அவர்கள் 210 கோடி ஆவார்கள்" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எண்ணிக்கைதான், பிழை இல்லை. ஆனால் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பாதி இந்த 210 கோடிப் பேரையும் கூட்டிக்கொண்டுதான் வருகின்றன. அவ்வளவு பெரிய கூட்டத்தில் விண்ணப்பித்தவர் எங்கே நிற்கிறார் என்று எங்களுக்குத் தெரிவதில்லை.

அடுத்த இரண்டு பக்கங்களும் உங்கள் மாமியாரின் கடைசி நாட்கள். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இருந்தாலும் சொல்கிறேன்: குளியலறையில் நடந்ததாக எழுதியிருக்கும் அந்தக் காட்சியை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். நினைவு நன்றாக இருந்த காலத்தில் அவரிடம் கேட்டிருந்தால், முன்பின் தெரியாத நான்கைந்து பேராசிரியர்கள் அதைப் படிக்கச் சம்மதித்திருப்பாரா? ஆராய்ச்சி நெறிமுறை என்று முதல் பருவத்தில் நாங்கள் நடத்தும் பாடத்தின் மையமே இந்தக் கேள்விதான். சம்மதம் தர முடியாத நிலையில் இருந்த ஒருவரைப் பற்றி எதை எழுதலாம், எதை விடலாம் என்று விண்ணப்பத்திலேயே யோசித்திருப்பவரைக் குழு கவனிக்கும். யோசிக்காதவரையும் கவனிக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. துக்கத்துக்கு மதிப்பெண் போட எங்களுக்குத் தெரியாது. அன்பாகப் பார்த்துக்கொண்டவர் நன்றாகப் படிப்பார் என்றும் சொல்ல முடியாது. உங்கள் பத்து மணி நேர இரவுகளைப் படித்துக் கலங்கிவிட்டு, "சரி, இவர் எதைத் தெரிந்துகொள்ள வருகிறார்?" என்றுதான் கேட்போம். அந்த இரண்டு பக்கங்களில் அதற்குப் பதில் இல்லை.

பதில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பத்திக்குப் பாலம் போடுவதற்காக எழுதியதுபோல் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள்: "அத்தையின் வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரே செலவு இரண்டு முறை எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது, மருத்துவரிடம் போனது அதற்குப் பதினான்கு மாதம் கழித்து." இதைப் படித்ததும் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். ஏன் இதை அங்கே கொண்டுபோய்ப் புதைத்தீர்கள்?

முதியவர் ஒருவர் தன்னந்தனியாக வாழ்க்கையை நடத்த முடிகிறதா என்று பார்க்க இத்துறையில் இரண்டு அளவுகோல்கள் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, உண்பது என்று ஆறு அடிப்படைச் செயல்கள் அதில் வரும். மற்றது 1969-இல் பவல் லாட்டன், இலைன் பிராடி இருவரும் உருவாக்கியது. தொலைபேசியில் பேசுவது, கடைக்குப் போவது, மருந்தைச் சரியாக எடுத்துக்கொள்வது போன்ற சற்றுச் சிக்கலான எட்டுச் செயல்கள் அதில் உண்டு. அந்த எட்டில் ஒன்று, பணத்தைக் கையாள்வது. மறதிநோயில் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைச் செயல்கள்தாம் முதலில் தடுமாறும். அவற்றுள்ளும் பணக்கணக்கு மிக முன்னதாகவே ஆட்டம் காணலாம். பல பொருள்களை ஒரே நேரத்தில் நினைவில் வைத்து, கூட்டி, ஒப்பிட்டு, முடிவெடுக்க வேண்டிய வேலை அது. மூளைக்கு அதைவிடக் கடினமான அன்றாட வேலைகள் குறைவு.

ஆக, நீங்கள் கண்டுபிடித்தது ஒரு அடையாளம். அதைக் கண்டுபிடித்தது மருமகளின் பாசமா, ஒரே செலவு இரண்டு முறை பதிவாகியிருக்கிறதா என்று 17 ஆண்டுகள் தேடித் தேடிப் பழகிய கண்ணா? இரண்டாவதுதான் என்பது என் ஊகம். அதற்குப் பின்னால் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன. ஒருவர் பார்த்துவிட்டார், மற்றவர்கள் நம்பவில்லை, வயதானால் இப்படித்தான் என்றார்கள், நோட்டு கைமாறியது. ஒரு குடும்பம் பார்ப்பதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் இடையே என்ன நடக்கிறது? வங்கி ஊழியரோ கணக்கரோ இதைக் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும், சொல்ல அவருக்கு உரிமை உண்டா? முதியவர்களின் பணத்தை ஏமாற்றிப் பறிப்பவர்களுக்கு இதே இடைவெளிதானே வாசல்? இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தால், வணிகவியல் படித்தவளைச் சேர்ப்பார்களா என்ற கேள்வியே எழாது. "நல்லவேளை வணிகவியல் படித்திருக்கிறார்" என்று நான் எழுதிவைப்பேன்.

பொதுவாகவும் இதில் கவலைக்கு இடமில்லை. முதுமையியல் என்ற சொல்லை இலியா மெச்னிக்கோவ் 1903-இல் உருவாக்கினார். அவர் நோய்எதிர்ப்பு ஆராய்ச்சியாளர். முதியோர் மருத்துவம் என்ற சொல்லை 1909-இல் இக்னாஸ் நாஷர் என்ற மருத்துவர் தந்தார். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இதற்கென்று ஒரு தனிப் பள்ளியைத் தொடங்கியதே 1975-இல்தான். அதன் முதல் தலைவர் ஜேம்ஸ் பிர்ரன் ஓர் உளவியலாளர். இந்த வீட்டின் மூத்தவர்கள் எல்லாரும் வேறு வீட்டில் பிறந்து வந்தவர்கள். எந்தப் பட்டம் இருந்தாலும் ஏற்கும் முதுநிலைப் படிப்புகள் நிறைய உண்டு. சில துறைகள் புள்ளியியலில் ஒரு பாடமாவது படித்திருக்க வேண்டும் என்று கேட்கும்; உங்கள் மதிப்பெண் பட்டியலில் அது இருக்கிறது. முதுமையின் உயிரியலைச் சோதனைக்கூடத்தில் ஆராயும் படிப்புகள் மட்டும் உங்களுக்குத் திறக்காது. அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன இரண்டு சொற்களையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முதியோர் மருத்துவம் என்பது மருத்துவத்தின் ஒரு கிளை. முதுமையியல் பட்டம் பெற்றதால் யாருக்கும் சிகிச்சை தரும் உரிமம் உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் அறிக்கையின் ஓரிடத்தில் "நோயாளிகளின் கையைப் பிடித்துக்கொண்டு உடனிருக்க ஆசைப்படுகிறேன்" என்று இருக்கிறது. அது உண்மையான ஆசை என்றால் செவிலியம், சமூகப்பணி, செயல்முறைச் சிகிச்சை (அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்குவது) போன்ற உரிமம் தரும் படிப்பே சரியான வழி. அவற்றோடு முதுமையியலைச் சேர்த்துப் படிக்கவும் சில இடங்களில் வழி இருக்கிறது. முதுமையியல் மட்டும் படித்தவர்கள் முதியோர் குடியிருப்புகளின் நிர்வாகம், சேவைத் திட்டமிடல், அரசுக் கொள்கை, ஆய்வுப் பணி, முதியோரின் நிதிப் பாதுகாப்பு ஆகிய பக்கங்களில் போகிறார்கள். இரண்டில் எது என்று முடிவு செய்யாமல் ஒரு படிவத்தையும் நிரப்பாதீர்கள்.

இப்போது உங்கள் மாமனார். நான்கு பக்க அறிக்கையில் அவருக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே ஒரு வரி: "மாமனாருக்கு 84 வயது, அவரே சமைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு இருக்கிறார்."

இந்தத் துறைக்கு வருகிற பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு இதுதான். விண்ணப்பதாரர் ஒரு முதுமையைப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார். அது நோயும் படுக்கையுமாக இருந்திருக்கும். முதுமை என்றாலே அதுதான் என்ற எண்ணத்தோடு வருவார். அதே வீட்டில், அடுத்த அறையில், நோயில்லாத இன்னொரு முதுமை நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும். அது அவர் கண்ணில் படாது. உங்கள் மாமனார் அந்த ஆறு ஆண்டுகளும் அங்கேதானே இருந்தார்? தொடங்கும்போது அவருக்கு 77 அல்லது 78 இருக்கும். மனைவி தன்னை மறந்துகொண்டிருப்பதைப் பார்த்தவர். கணக்கு நோட்டு அவர் கைக்கு வந்ததா? சமையலை எப்போது கற்றுக்கொண்டார், யாரிடம்? உங்கள் மாமியார் சொல்லிக்கொடுக்கும் நிலையில் இருந்தபோதே தொடங்கினாரா?

இதை நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. லாட்டனும் பிராடியும் தந்த அந்த எட்டுச் செயல் அளவுகோலைச் சொன்னேனே, அதில் ஆண்களுக்கு மதிப்பெண் போடும்போது சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல் ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு ஐந்தை மட்டும்தான் ஆரம்பத்தில் கணக்கில் எடுத்தார்கள். ஆண்கள் அவற்றைச் செய்வதில்லை என்ற அந்தக் கால அனுமானம். 78 வயதில் அடுப்படிக்குள் நுழைந்த ஒருவரை அந்த அளவுகோலுக்குப் பார்க்கத் தெரியாது. மனைவியைப் பராமரிக்கும் முதிய கணவர்கள் ஆராய்ச்சியிலும் நெடுங்காலம் ஓரத்தில்தான் இருந்தார்கள். பராமரிப்பாளர் என்றால் மகள், மருமகள் என்றே எல்லாரும் நினைத்தோம். உங்கள் அறிக்கையும் அப்படித்தான் நினைக்கிறது.

"அவர் பாட்டுக்கு" என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். வயதானவர்கள் சமூகத்திலிருந்து மெல்ல விலகுவதும், சமூகம் அவர்களிடமிருந்து விலகுவதும் இயல்பானது, இரு தரப்புக்கும் நல்லது என்று 1961-இல் இலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி இருவரும் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். அதை எதிர்த்து எழுந்த விவாதத்தில்தான் இத்துறையின் பாதிக் கோட்பாடுகள் பிறந்தன. அவர் விலகிக்கொண்டாரா, நாம் விலக்கிவைத்தோமா, அல்லது உண்மையிலேயே நிம்மதியாக இருக்கிறாரா? அந்த விவாதத்தையெல்லாம் உங்கள் ஒரு வரி ஒரே போடாக முடித்துவைத்துவிட்டது. அவரிடம் கேட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தில் அவரைப் பற்றி எழுதுவதென்றால் அனுமதியும் கேளுங்கள். அவரால் தர முடியும்.

எனக்கும் இந்தக் கண் தாமதமாகத்தான் திறந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பஸ் ஓட்டுநர் விண்ணப்பித்திருந்தார். மொழி கரடுமுரடு. மேற்கோள்கள் இல்லை. முதியவர்கள் ஏறியபின் உட்காரும்வரை வண்டியை எடுக்காமல் எத்தனை நொடி காத்திருக்க வேண்டியிருக்கிறது, நேர அட்டவணை அதற்கு இடம் தருகிறதா, காத்திருந்த நாட்களில் அதே முதியவர்கள் மறுபடி வருகிறார்களா என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நான் குறைந்த மதிப்பெண் போட்டேன். குழுவில் இருந்த இன்னொருவர் சண்டை போட்டு அவரைச் சேர்த்தார். அந்த ஆண்டு வகுப்பில் என்னிடமே அதிகம் கேள்வி கேட்டவர் அவர்தான். அதிலிருந்து, மொழி வழுவழுப்பாக இருக்கும் அறிக்கை வந்தால் எனக்கு இரட்டிப்புச் சந்தேகம் வருகிறது.

பரிந்துரைக் கடிதத்துக்கு வருவோம். பெரும்பாலும் இரண்டோ மூன்றோ கேட்பார்கள். இருபது ஆண்டுக்கு முந்தைய ஆசிரியரைத் தேடி அலையாதீர்கள். அவர் எழுதினாலும் "ஒழுங்கான மாணவி" என்ற ஒரு வரிதான் வரும். உங்கள் அலுவலக மேலதிகாரி போதும். ஆனால் நேர்மையானவர், கடும் உழைப்பாளி என்று எழுதுவதில் பயனில்லை. சிக்கலான ஒரு கணக்கில் பிழையின் மூலத்தை நீங்கள் எப்படித் தேடிப் பிடித்தீர்கள் என்று ஒரே ஒரு சம்பவத்தை அவர் விவரித்தால் அது ஆராய்ச்சித் திறனுக்கான சாட்சி. இரண்டாவது கடிதத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பட்டத்தில் சேராமலே ஒரு பாடத்தை மட்டும் படிக்கப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன, இணையவழியிலும்கூட. விண்ணப்பிக்கும் முன் அப்படி ஒன்றைப் படித்து முடியுங்கள். அண்மையில் உங்கள் கட்டுரையைத் திருத்திய ஓர் ஆசிரியர் கிடைப்பார்; இவ்வளவு காலத்துக்குப் பிறகும் உங்களால் உட்கார்ந்து படிக்க முடியும் என்பதற்கு அது ஆதாரமும் ஆகும். பரிந்துரைக்கு நீங்கள் யோசித்துவைத்திருக்கும் மாமியாரின் நரம்பியல் மருத்துவர் வேண்டாம். அவர் உங்கள் பொறுமையைப் புகழ்வார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. யாரிடம் கேட்டாலும் ஆறு வாரம் முன்னதாகக் கேளுங்கள், அறிக்கையின் படியையும் கொடுங்கள்.

எழுத்து மாதிரி கேட்கும் துறைகளுக்கு என்ன அனுப்புவது என்று திகைக்காதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992 முதல் 50 வயதைக் கடந்தவர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டி கண்டு ஒரு தொடர் கணக்கெடுப்பை நடத்துகிறது. பெயர் பதிவு செய்தால் அதன் தரவுகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். தம்பதியரில் இருவரையும் பேட்டி காண்பது அதன் சிறப்பு. யார் யாரைப் பராமரிக்கிறார், பணக்கணக்கை யார் பார்க்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இங்கிலாந்தில் 2002 முதல் இதே மாதிரி ஒன்று நடக்கிறது. ஒரே ஓர் அட்டவணை போட்டு, அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று ஐந்து பக்கம் எழுதுங்கள். எண்களோடு பழகியவர் நீங்கள். இதற்கு மற்றவர்கள் ஒரு பருவம் திணறுவார்கள்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதைப் படிப்பின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. முதுமையியல், முதுமை ஆய்வுகள், முதியோர் நலம் என்று பலகைகள் பலவிதம். பாடப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். களப்பணி மணிநேரம் அதிகமாக இருந்தால் தொழில் சார்ந்த படிப்பு, ஆய்வேடு கட்டாயம் என்றால் ஆராய்ச்சி சார்ந்தது. வேலையை விடாமல் படிக்க எண்ணினால் களப்பணியை வார இறுதியில் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்; பலர் சிக்கிக்கொள்வது அங்கேதான். உதவித்தொகை முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு முதுநிலை மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை. அதையும் எழுத்தில் கேளுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, சென்ற மூன்று ஆண்டுகளில் முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று துறையிடம் கேளுங்கள். நேரடியாகப் பதில் வராத இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டாம்.

"இந்த வயதில்" என்று எழுதியிருந்தீர்கள். 1969-இல் வாஷிங்டனை ஒட்டிய ஒரு வசதியான பகுதியில், ஏழை முதியவர்களுக்கான குடியிருப்பு தங்கள் பக்கத்தில் வரக்கூடாது என்று மக்கள் எதிர்த்தார்கள். ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் அந்த வெறுப்புக்கு ஒரு புதுப் பெயர் வைத்தார். வயதுப் பாகுபாடு என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். அதை எதிர்த்துப் படிக்க வருகிற ஒருவர், 43 வயதைச் சொல்லவே கூசினால் நான் என்ன செய்வது? என் வகுப்பில் 23 வயதுக்காரர்களும் இருக்கிறார்கள், பணி ஓய்வு பெற்று வந்தவர்களும் இருக்கிறார்கள். சிரித்தால் அந்தக் குழுவிடம் படிக்காதீர்கள்.

இனி அறிக்கையைத் திருத்துங்கள். நான்கு பக்கம் இரண்டாகட்டும். நோட்டில் இரண்டு முறை எழுதப்பட்ட அந்தச் செலவில் தொடங்குங்கள். பதினான்கு மாதத்துக்கு ஒரு பத்தி. உங்கள் தொழில் உங்களுக்குத் தந்த கண்ணுக்கு ஒரு பத்தி. அந்தத் துறையில் யாருடைய ஆய்வு உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் படித்துவிட்டு, பெயரைச் சொல்லி எழுதுங்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இந்தப் பகுதி மட்டும் மாறும். மாமியார் அதில் இருக்கட்டும், நோட்டு எழுதுகிற மனுஷியாக. திருத்திய படியை எனக்கு அனுப்புங்கள். மாமனார் சமையல் கற்ற கதையையும் சேர்த்து எழுதுங்கள். அதை விண்ணப்பத்தில் சேர்ப்பதும் சேர்க்காததும் அவர் விருப்பம். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.